எதை என்பதும் எவ்வளவு என்பதும்

பொருளைச் செலவிடுவதில் மனிதன் இழைக்கும் தவறு ஒன்றன்று, இரண்டு என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. ஹிஜ்ரி 450-இல், அதாவது கி.பி. 1058-இல் பக்தாத் மாநகரில் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள், 'அதபுத் துன்யா வத்தீன்' என்னும் தமது நூலில் இவ்விரண்டையும் துலக்கமாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். எவ்விடத்தில் செலவிடுவது என்று அறியாமை 'தப்தீர்' ஆகும். எவ்வளவு செலவிடுவது என்று அறியாமை 'இஸ்ராஃப்' ஆகும். இரண்டுமே இகழத்தக்கவை என்பது இமாம் அவர்களின் கருத்து. தமிழில் நாம் இரு சொற்களையும் 'வீண்விரயம்' என்றே பெயர்த்துப் பழகிவிட்டோம். அதனால் ஓர் அருமையான வேறுபாடு நம் நினைவினின்றும் நழுவிப் போயிற்று.

அதனை இன்று மீட்டெடுக்க வேண்டிய தேவை உண்டு. சென்னைத் தியாகராய நகரின் அங்காடிகளில் அண்மைக்காலமாக ஒரு புதிய சொல் உலா வருகின்றது. அது 'பசுமை' என்னும் சொல். ரசாயன உரமிடாது விளைந்த பருத்தியில் நெய்த சட்டை, பழைய நெகிழிப் புட்டிகளை உருக்கி இழையாக்கி நெய்த துணி, மூங்கிலாலான பல்துலக்கி, சணல் பை என்று அடுக்கடுக்காகப் பொருள்கள் வந்துள்ளன. இவற்றை வாங்கினால் பூமி காப்பாற்றப்படும் என்று விளம்பரங்கள் உறுதி கூறுகின்றன. எதை வாங்குவது என்ற வினாவுக்கு இவை விடை தருகின்றன. அவ்விடை பல வேளைகளில் நல்ல விடையாகவும் இருக்கிறது. எவ்வளவு வாங்குவது என்ற வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. கடைக்காரர் எழுப்புவார் என எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மாவர்தீ அவர்களின் சொற்களில் கூறுவதாயின், தப்தீருக்கு மருந்து கண்டுவிட்டு இஸ்ராஃபை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.

இவ்வினா எழும் இடத்தின் வரலாறே நமக்கொரு பாடம். இன்று தியாகராய நகர் எனப்படும் நிலப்பரப்பின் பெரும்பகுதி ஒரு காலத்தில் நீர்நிலை. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை வில்போல் வளைந்து கிடந்தது நெடிய ஏரி. அதன் ஒரு பகுதிக்கு நுங்கம்பாக்கம் ஏரி என்றும், மறுபகுதிக்கு மயிலை ஏரி என்றும் பெயர். (மயிலை ஏரி என்றதும் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தை எண்ணிக்கொள்ள வேண்டா, இது வேறு.) நகரின் மக்கட்பெருக்கத்திற்கு இடம் தேடிய நீதிக்கட்சி ஆட்சி, 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் துணைகொண்டு, 1923 முதல் இவ்வேரியைத் தூர்த்துக் குடியிருப்பு அமைக்கத் தொடங்கிற்று. 1925-இல் காலமான சர் பிட்டி தியாகராயர் பெயரைப் புதிய நகர் பெற்றது. முதலமைச்சர் பனகல் அரசர் பெயரைப் பூங்கா பெற்றது. அதன் நெடுஞ்சாலை பெற்றதோ, 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் விளங்கிய சர் முகம்மது உஸ்மான் அவர்களின் பெயர். யூனானி, சித்தம், ஆயுர்வேதம் ஆகிய நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்து 1923-இல் அறிக்கை அளித்த குழுவின் தலைவரும் அவர்களே. உஸ்மான் சாலையில் துணி எடுக்கச் செல்லும் நம் இளைஞர் எத்தனை பேர் இதனை அறிவர்!

வீடுகளுக்கென வகுத்த நகர் அங்காடியாக மாறியது பின்னர். 1928-இல் காஞ்சிப் பட்டு வணிகரான நல்லி சின்னசாமி செட்டியார் இங்கே கடை கண்டார். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தினின்று உஸ்மான் சாலைக்குச் செல்லும் ரங்கநாதன் தெரு, காலப்போக்கில் நாட்டிலேயே நெரிசல் மிகுந்த கடைத்தெருக்களுள் ஒன்றாயிற்று. ஏரியின் நினைவாக எஞ்சியது, மேற்கு மாம்பலத்தில் ஏரி நோக்குச் சாலை எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் தாங்கிய ஒரு சாலை மட்டுமே. பெருமழைக் காலங்களில் மட்டும் நீர் தன் பழைய முகவரியைத் தேடி வருகின்றது. 2015 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும் இப்பகுதி மக்கள் அதனைக் கண்டனர்.

ஏரி தூர்க்கப்படுவதற்கு ஈராண்டுகள் முன்னர், எதை, எவ்வளவு என்னும் இவ்விரு வினாக்களும் இதே சென்னையில் ஒருவர் உள்ளத்தில் மோதின. அந்நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே காண்போம். அதில் நம் சமுதாயத்திற்கும் பங்கு உண்டு. ஆனால் அப்பங்கு இப்போது பெரிதும் பேசப்படுவதில்லை.

அது கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்து நடந்த காலம். 1921 ஜூலை இறுதியில் பம்பாயில் அந்நியத் துணிகள் குவித்து எரிக்கப்பட்டன. எரிக்க மனமில்லாதோர் அவற்றை இந்தியாவுக்கு வெளியே பயன்படுமாறு அனுப்பலாம் என்றும் காங்கிரஸ் தீர்மானம் இடமளித்தது. அந்நியத் துணியை விடுத்துக் கதர் வாங்குங்கள் என்பதே எங்கும் ஒலித்த முழக்கம். அவ்வாண்டு செப்டம்பரில் காந்தியடிகளும் மௌலானா முகம்மது அலி அவர்களும் சென்னையை நோக்கிப் புறப்பட்டனர். செப்டம்பர் 14 அன்று வால்ட்டேர் ரயில் நிலையத்தில், கராச்சி கிலாபத் மாநாட்டுத் தீர்மானத்தின் பொருட்டு, மௌலானா கைது செய்யப்பட்டார்கள். அவர்களுடைய துணைவியார் கலங்காது காந்தியடிகளுடன் பயணத்தைத் தொடர்ந்தார்கள். மறுநாள் அவர்கள் சென்னை வந்து சேர்ந்தனர். கண்ணெதிரே தோழரைப் பறிகொடுத்த அந்த வேளையில், தம் தொப்பியையும் சட்டையையும் துறந்துவிட எண்ணியதாகவும், அது வெறும் ஆர்ப்பாட்டமாகிவிடுமோ என அஞ்சித் தம்மை அடக்கிக்கொண்டதாகவும் காந்தியடிகளே பின்னர் எழுதினார்.

அவர் உள்ளத்தை மாற்றியது தமிழகச் சுற்றுப்பயணமே. சென்னையிலிருந்து மதுரை செல்லும் ரயில்பெட்டியில் உடன் வந்தோர் ஏறக்குறைய அனைவரும் அந்நியத் துணியே அணிந்திருந்தனர். கதர் வாங்குமாறு அவர்களிடம் அவர் மன்றாடினார். நாங்கள் ஏழைகள், கதர் விலை மிகுதி, எங்களால் இயலாது என்று அவர்கள் தலையசைத்தனர். அம்மறுமொழியில் உண்மை இருப்பதை அவர் உணர்ந்தார். அப்பொழுது அவர் முழு வேட்டியும், மேற்சட்டையும், தொப்பியும் அணிந்திருந்தார். நல்ல பொருளை வாங்குக என்று கூறுபவர் நிறைய அணிந்திருக்கிறார். கேட்பவரிடமோ வாங்கும் ஆற்றல் இல்லை. போதிய கதரும் அன்று நாட்டில் உற்பத்தியாகவில்லை. இனி வேறென்ன கூறுவது? கதர் கிடைக்காவிடில் குறைந்த துணியே போதும் என்று கூறலாம். ஆனால் அதனைக் கூறுபவர் முதலில் குறைத்திருக்க வேண்டும். செப்டம்பர் 22 காலை, மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த இல்லத்திலிருந்து முழங்கால் வரையிலான ஒற்றைத் துணியுடன் அவர் வெளிப்பட்டார். அக்டோபர் 31 வரையிலேனும் இவ்வாறு இருப்பது என்பதே முதலில் அவர் கொண்ட எண்ணம். பத்தாண்டு கழிந்து 1931-இல் இங்கிலாந்து மன்னரின் மாளிகைக்கும் அவ்வுடையிலேயே சென்றார் என்பதை நாடறியும்.

நாடு அவ்வளவாக அறியாதது ஒன்றுண்டு. அப்பயணத்தில் அவருடன் இருந்த ஆலிம், மௌலானா ஆசாத் சுப்ஹானி அவர்கள். 1913-ஆம் ஆண்டு கான்பூர் மஸ்ஜித் கிளர்ச்சியில் முன்னின்றவர்கள். அவர்களும் தம் உடையைக் குறைத்துக்கொண்டார்கள்; ஷரீஅத் எவ்வளவு குறைக்க இடந்தருகிறதோ அவ்வளவு. கால்சட்டைக்குப் பதில் கைலி. முழங்கைக்குக் கீழே இறங்காத கையுடைய சட்டை. தொழும் வேளையில் மட்டும் தொப்பி. இச்செய்தியைக் காந்தியடிகள் தம் குஜராத்தி இதழில் மதிப்புடன் பதிந்திருக்கிறார். (தொப்பி தொழுகைக்கு ஷர்த்து அன்று என்பதை மத்ரஸா மாணவரும் அறிவர், மௌலானா மரபைப் பேணினார்கள் என்று கொள்வோம்.) ஆண்மகன் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தல் கடமை என்பது நம் ஃபிக்ஹ் பாடம். அந்தக் கீழெல்லைக்கும் நம் அலமாரிகளில் மடித்து வைத்துள்ளதற்கும் இடையே எத்துணைத் தொலைவு என்பதை ஓர் ஆலிம் தம் உடலிலேயே அளந்து காட்டினார்கள்.

நாம் கருதுவது இதுதான். 1921-இல் எதை வாங்குவது என்னும் வினா, எவ்வளவு என்னும் வினாவுடன் சேரும் வரை, ஏழைக்கு எட்டாத ஒழுக்கமாகவே இருந்தது. இன்றைய பசுமைப் பொருளும் அந்நிலையிலேயே இருக்கிறது. பெரும்பாலும் அது விலை மிகுந்தது. வாங்க வல்லவர்க்கு அது மனநிறைவு தருகிறது. வல்லமை அற்றவரை, பூமியைப் பற்றிக் கவலையற்றவர் போல் தோன்றச் செய்கிறது. உண்மையிலோ, ஆண்டுக்கு இரு சட்டை எடுப்பவர் எத்துணியை எடுப்பினும், இருபது பசுமைச் சட்டை எடுப்பவரைவிடப் பூமியின்மீது ஏற்றும் சுமை குறைவே.

இது வெறும் ஊகமன்று என்பதற்குப் பையின் கதை சான்று. நம் இளமையில் துணிக்கடை தந்த மஞ்சள் பை எல்லா வீட்டிலும் இருந்தது. நிக்காஹ் வைபவங்களிலும் மணமக்கள் பெயர் அச்சிட்டுத் தாம்பூலப் பையாக வழங்கினர். பின்னர் அது பட்டிக்காட்டு அடையாளம் என்று ஏளனத்துக்கு உள்ளாயிற்று. நெகிழிப் பை வந்தது. அதன் கேடு முற்றிய பின், தமிழக அரசு 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. நல்ல முயற்சி, நாமும் வரவேற்றோம். ஆனால் டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். சாதாரண நெகிழிப் பையுடன் ஒப்பிடுகையில், பருத்திப் பை ஒன்று தட்பவெப்ப மாற்றத்தின் அளவில் மட்டும் ஈடுசெய்ய 52 முறையும், எல்லாச் சுற்றுச்சூழல் அளவைகளிலும் ஈடுசெய்ய 7,100 முறையும் பயன்பட வேண்டும் என்று அது கணித்தது. ரசாயனமின்றி விளைந்த பருத்தியாயின் 20,000 முறை! காரணம், அத்தகைய பருத்தியின் விளைச்சல் குறைவு என்பது. தெருவில் எறிந்த நெகிழி மாட்டின் வயிற்றையும் மழைநீர்க் கால்வாயையும் அடைப்பதை அவ்வாய்வு கணக்கில் கொள்ளவில்லை. ஆகவே அதனை நெகிழிக்கு நற்சான்றாக எவரும் காட்டலாகாது. அது நமக்குக் கூறுவது வேறு. துணிப்பையின் நன்மை துணியில் இல்லை. ஒரே பையை ஆண்டுக்கணக்கில் சுமப்பதில் இருக்கிறது. இன்றோ ஒவ்வொரு விழாவிலும், ஒவ்வொரு கடையிலும் ஒரு துணிப்பை பெற்று, நம் வீட்டுக் கதவுக் கொக்கிகளில் முப்பது பைகள் தொங்குகின்றன. பழைய மஞ்சள் பையைக் கொண்டுவந்தோம். அதைத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்திய பழைய பழக்கத்தைக் கொண்டுவரவில்லை.

பொருளைத் தூய்மையாக உற்பத்தி செய்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு நம் மாநிலமே விடை வைத்திருக்கிறது. சாயக்கழிவு நொய்யலைப் பாழாக்கியமையால், திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு முன்னரே, 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின்மீது தீர்ப்பு வழங்கியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் அத்தொழிலை நடத்தியோருள் நம்மவர் பலர். அவ்வருவாயால் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன. அதனை நன்றியுடன் நினைக்கிறோம். அதே கையால் கிணறுகள் உவர்த்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. தீர்ப்புகளுக்குப் பின் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. நிலைமை ஓரளவு சீர்பட்டது. ஆயினும் நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும். பிரித்தெடுத்த உப்பைக் கொட்ட இடம் வேண்டும். தூய்மையான முறை சுமையைக் குறைக்கிறது, இல்லாமல் செய்வதில்லை. குறைந்த சுமையை இருமடங்கு வாங்கினால் பழைய கணக்கே வந்து நிற்கிறது. ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜெவன்ஸ் 1865-லேயே இதனைக் கண்டார். சிக்கனமாக நிலக்கரி எரிக்கும் நீராவி எந்திரங்கள் வந்ததால், நிலக்கரிச் செலவு குறையவில்லை. பயன்பாடு பெருகிக் கூடியது.

வாங்கியவை இறுதியில் எங்கே போகின்றன? தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு வாழ் மக்களின் குப்பை பல பதிற்றாண்டுகளாகப் பெருங்குடிக்கே சென்றது. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின்மீது அமைந்தது. தென்சென்னையின் வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக் கடலுக்கு அனுப்பும் நிலம் அது. வலசை வரும் பறவைகளின் தங்குமிடம். பழைய பரப்பில் சிறுபகுதியே இன்று எஞ்சியுள்ளது. அதுவும் 2022-இல்தான் ராம்சார் தலமாக அறிவிக்கப்பெற்றது. மேட்டை அகழ்ந்து பிரித்து, எரியத்தக்கவற்றைச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்பும் பணி நடந்துள்ளது. ஓர் ஏரியைத் தூர்த்து நகர் கண்டோம். அந்நகர் அங்காடியானபின் அதன் கழிவால் ஒரு சதுப்புநிலத்தைத் தூர்த்தோம். இரண்டும் ஒரே நூற்றாண்டுக்குள் நிகழ்ந்தவை.

குறைத்து வாங்கினால் நெசவாளரும் வணிகரும் என்னாவது என்னும் வினாவைத் தள்ளிவிட முடியாது. நம் சமுதாயமே வணிகச் சமுதாயம். கதர் இயக்கத்தின் அடிப்படையும் நூற்போர்க்கு ஊதியம் என்பதே. ஆனால், நீடித்து உழைக்கும் கைத்தறித் துணி ஒன்றை உரிய விலை கொடுத்து எடுப்பதும், மூன்று மாதத்தில் நைந்துபோகும் மலிவுத் துணி ஐந்தை எடுப்பதும் நெசவாளர்க்கு ஒன்றாகா. பின்னதில் அவருக்குச் சேர்வது மிகச் சிறிதே. தைப்பவர், செப்பனிடுபவர், செருப்புத் தைப்பவர் ஆகியோர்க்கும், பொருள் நீடிக்கும் வீட்டில்தான் பிழைப்பு உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள், தம் ஆடையைத் தாமே தைத்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

மற்றொரு வினா நுட்பமானது. பொருள் தீங்கற்றதாயின் மிகுதியாகக் கொள்வதில் குற்றம் என்ன? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்த நாளில், உளூச் செய்யும் நீரைச் சுருக்குமாறு எவரும் எவர்க்கும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சமே போதித்தது. ஆனால் இப்னு மாஜாவில் பதிவாகியுள்ள ஹதீஸில், ஸஃது (ரலி) அவர்கள் உளூச் செய்கையில் நீரை மிகுதியாகச் செலவிடக் கண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி வேறு வகையினது. உளூவிலுமா இஸ்ராஃப் என்று ஸஃது வியந்து வினவியபோது, ஓடும் ஆற்றங்கரையில் இருப்பினும் ஆம் என்பதே கிடைத்த விடையின் கருத்து. அதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலைஞர்க்குப் பேச்சு உண்டு. எனினும் பெருமானார் இரு கை கொள்ளும் ஒரு 'முத்து' அளவு நீரால் உளூச் செய்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உறுதிப்பட்ட செய்தி. செலவிடும் இடமோ வணக்கம். அதனினும் சிறந்த இடம் வேறில்லை. நீரோ மீண்டும் ஆற்றிலேயே சேர்கிறது. ஆகவே தப்தீர் என்பதற்கு அங்கே இடமே இல்லை; இருந்தும் இஸ்ராஃப் உண்டு.

பெருநாள் வருகிறது, உஸ்மான் சாலைக்குப் போகும் திட்டம் பல இல்லங்களில் இப்போதே பேசப்படும். பெருநாளன்று அழகுறுதல் சுன்னத்து; அதில் ஐயமில்லை. ஹனஃபி நூல்கள் இருப்பவற்றுள் சிறந்த ஆடையை அணியுமாறு கூறும்போது, அது புதியதாயினும் 'கஸீல்' ஆயினும் ஆகலாம் என்று சேர்த்தே கூறுகின்றன. கஸீல் என்றால் துவைத்து வெளுத்த ஆடை. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு பெருநாளிலும் யமன் நாட்டு 'ஹிபரா' மேலாடையை அணிந்தார்கள் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தமது 'அல்-உம்மு' நூலில் அறிவிக்கிறார்கள். ஆண்டுதோறும் வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் புத்தாடை, அதுவும் இரண்டு, மூன்று என்பது ஃபிக்ஹ் நூல்களில் இல்லாதது. நாமே கூட்டிக்கொண்ட வழக்கம். வளரும் பிள்ளைகட்கு வாங்கத்தான் வேண்டும். பெரியவர்களுக்கு, சென்ற ஆண்டுச் சட்டை அலமாரியில் இருக்கும்; பொத்தான் ஒன்று போயிருக்கலாம், தையல் எங்கேனும் விட்டிருக்கலாம். அங்காடித் தெருக்களின் ஓரத்தில் தையல் எந்திரத்துடன் அமர்ந்திருப்பவர்கள் சிறு கூலியில் அதனைச் சரிசெய்து தருகிறார்கள்.